சித்திரைக் கொடை, வைகாசி மடை: ஓர் ஊர்க் கோயில் குப்பையின் நிகழ்வு ஆய்வு

வைகாசி கடைசியில் அணை திறந்து, நாலைந்து நாளில் எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. கார் சாகுபடிக்கு நாற்றங்கால் பாவ எல்லாரும் காத்திருந்த நேரம். மேலப்பத்து வயல்களுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. கடைசி மடைக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. அம்பை 16 நெல் விதையை ஊறவைத்து முளைகட்டி வைத்திருந்த பெரியப்பா, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே மேலே நடந்தார். நானும் கூடப் போனேன்.

ரோட்டுக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாயில்தான் அடைப்பு. உள்ளே கையை விட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நசுங்கிய பேப்பர் கப்புகள், வழுவழுப்புத் தாள் ஒட்டிய தட்டுகள், தண்ணீர்ப் பாக்கெட் உறைகள், எல்லாவற்றையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு. அதில் பாதி முகமும், எங்கள் அம்மன் கோயில் பெயரும் இருந்தன.

பெரியப்பா அதை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏ மக்கா, இது நம்ம கொடையில குடுத்த கப்புல்லா?"

ஆமாம். கொடை, அதாவது எங்கள் அம்மன் கோயில் திருவிழா, முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கப்புகளுக்குப் பணம் கொடுத்த ரசீது என்னிடம்தான் இருந்தது, ஏனென்றால் கொடைக்கணக்கு எழுதுவது நான். ஓர் ஊர் தன் குப்பையை எப்படி உண்டாக்குகிறது, அது எங்கே போகிறது, அதைக் குறைக்க முயன்றபோது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அன்றிலிருந்து அடுத்த ஆடி வரை குறித்துவைத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரும் வாய்க்காலும்

ஊர், திருநெல்வேலி மாவட்டத்தில் வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட பக்கம். பெயரை எழுதவில்லை. சொல்லப்போகிற குறை பல ஊருக்குப் பொதுவானது. ஒரே ஊரின் தலையில் ஏற்றிவைக்க எனக்கு மனமில்லை.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, அதற்கடுத்து கன்னடியன். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிகிற கன்னடியன் கால்வாய் சுமார் 12,500 ஏக்கருக்குப் பாய்கிறது. கார், பிசானம் என இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். பிசானம் அறுத்து, கால்வாயை அடைத்தபின், பங்குனி கடைசியிலிருந்து வைகாசி வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும். பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

கொடை வருவதும் சரியாக அந்த இடைவெளியில்தான். அறுப்பு முடிந்து கையில் காசு இருக்கும், வயலில் வேலை இருக்காது. சென்னை, மும்பை, திருப்பூரில் இருப்பவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி வந்துசேர்வார்கள். ஆகவே வருஷத்தில் ஊரில் அதிகம் பேர் கூடுகிற நாளும், வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத நாளும் ஒன்றாகவே வருகின்றன. போட்ட குப்பை போட்ட இடத்தில் கிடக்கும். காற்று அடித்தால் பள்ளத்துக்கு உருளும். பள்ளம் என்பது வாய்க்கால். கண்ணுக்கு உறுத்தாமல் ஒன்றரை மாதம் அங்கே கிடந்து, முதல் தண்ணீரோடு ஒரே நாளில் புறப்படும். குப்பையைப் போட்டதற்கும் அதன் விளைவைப் பார்ப்பதற்கும் நடுவில் இத்தனை நாள் கிடப்பதால்தான், எங்கள் ஊரில் இரண்டையும் யாரும் சேர்த்து யோசித்ததே இல்லை. அன்றைக்கு அந்த ஃப்ளெக்ஸ் துண்டு மட்டும் இல்லையென்றால் நாங்களும் மேல ஊர்க்காரர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

கணக்கு நோட்டு சொன்னது

திங்கள் இரவு குடி அழைப்பு, செவ்வாய் மதியக் கொடை, அன்றிரவு சாமக் கொடை, புதன் காலை மஞ்சள் நீராட்டு என்று கொடை நடக்கும். 180 தலைக்கட்டு வரி. மதியச் சாப்பாட்டுக்கு ஆயிரம் பேர் உட்காருவார்கள். நையாண்டி மேளக்காரர்கள், வில்லுப்பாட்டுக்காரர்கள், பந்தல்காரர்கள் எல்லாருக்கும் மூன்று நாளும் காப்பி, டீ, டிபன் கோயில் செலவு.

மடை அடைத்த ஆண்டின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பேப்பர் கப்பு 6,000. தாள் தட்டு 1,500. மேசைமேல் விரிக்கும் தாள் 8 சுருள். தண்ணீர்ப் பாக்கெட் 40 மூட்டை. விழாக் குழு வைத்த ஃப்ளெக்ஸ் 4. இளைஞர்களும் உறவின்முறைகளும் தனித்தனியே வைத்தது 22. ஒவ்வோர் ஆண்டும் என் கையாலேயே எழுதி, கூட்டி, கூட்டத்தில் வாசித்தும் இருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அவை வெறும் ரூபாயாகத்தான் தெரிந்தன.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தண்ணீர்ப் பாக்கெட் அந்தப் பட்டியலில் உண்டு. சாப்பாட்டு மேசை விரிப்பு உண்டு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் உண்டு. பேப்பர் கப்புத் தடையை எதிர்த்துப் போன வழக்கில், தடை செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் பக்கம் "பேப்பர்தானே, மக்கிப்போகும்" என்கிற நம்பிக்கை பலமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் நம்பினேன். கப்பின் உள்பக்கம் மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டியிருக்கிறது; டீ ஒழுகாமல் நிற்பதே அதனால்தான். ஒரு கப்பை வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துப் பாருங்கள். தாள் கூழாகிப் பிரிந்துபோக, உள்ளிருக்கும் படலம் சட்டையைக் கழற்றிய மாதிரி முழுசாகக் கையில் வரும். மடைக்குழாயில் சிக்கி நின்றது பெரும்பாலும் அந்தப் படலம்தான். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் சோதித்துப் பார்த்ததில், 85 முதல் 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லி நீரை 15 நிமிடம் பேப்பர் கப்பில் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டார்கள். பின்னால் மாசியில் கூடிய ஊர்க்கூட்டத்தில் இந்தச் செய்தியைவிட அந்த வாளிதான் அதிகம் பேசியது. கடைசியில் எல்லாரும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

இரும்புப் பெட்டி

பந்தல் சாமான் எடுப்பதற்காகக் கோயில் சாமான் அறையைத் திறந்தபோது, மூலையில் பூட்டுத் துருப்பிடித்த ஓர் இரும்புப் பெட்டி கிடந்தது. சுத்தியலால் தட்டித்தான் திறக்கவேண்டியிருந்தது. உள்ளே 140 எவர்சில்வர் தம்ளர்கள், கவிழ்த்து அடுக்கியபடி. ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் 'உபயம்' என்று போட்டு ஒரு பெயர். சில பெயர்களுக்கு உரியவர்கள் இன்று இல்லை. என் ஆச்சி பெயரும் ஒன்றில் இருந்தது. அந்தத் தம்ளரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஆய்வில் நான் கற்ற பெரிய விஷயம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. ஊரில் தம்ளர் எப்போதும் இருந்திருக்கிறது. பின் ஏன் கப்பு வந்தது? பெரியவர்களைக் கேட்டேன். முன்பு கொடைக்குப் பாத்திரம் கழுவ ஒரு குடும்பம் இருந்தது. வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கூலி. அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து, ஒருவர் ஆசிரியை, ஒருவர் மின்வாரிய வேலை. அவர்கள் அந்த வேலையை விட்டார்கள். விட்டது மிகச் சரி. அந்த இடத்துக்கு ஊரில் வேறு யாரும் வரவில்லை. கழுவ ஆளில்லாமல் இரண்டு வருஷம் தட்டுத்தடுமாறி, மூன்றாம் வருஷம் பேப்பர் கப்பு வாங்கினார்கள்.

அப்படியானால் கப்பு என்பது ஒரு வேலைக்கான பதில். ஊர் செய்யத் தயங்கிய வேலையைச் செய்ய வந்தது அது. "விழிப்புணர்வு இல்லை" என்று மக்களைக் குறை சொல்வதில் எனக்கு அன்றோடு நம்பிக்கை போய்விட்டது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் பிளாஸ்டிக் கெடுதல் என்று தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதல் தெரியும். அந்தத் தம்ளரை யார் கழுவுவது என்பதற்குத்தான் ஊரிடம் பதில் இல்லை.

கப்புக்கு மாறியபின் அந்த வேலை மறைந்துவிடவும் இல்லை. கொடை முடிந்த நான்கு நாளும் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் இரண்டு பெண்கள்தான் குனிந்து பொறுக்கினார்கள். எச்சில் கப்பு, எலும்பு, உடைந்த பாட்டில், குழந்தைகளின் டயப்பர் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பொறுக்க முடிந்ததைக் கோயில் பின்புறம் குவித்து எரித்துவிடுவார்கள். ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி பிளாஸ்டிக். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் கிளம்பும். அந்தப் புகைக்குப் பக்கத்தில் நின்று குச்சியால் கிளறியவர்களும் அவர்கள்தான். பொறுக்க முடியாதது வாய்க்காலுக்குப் போயிற்று.

மாசிக் கூட்டம்

வரி போடும் ஊர்க்கூட்டத்தில் இதை எடுத்தோம். முதலில் சரியாகப் போகவில்லை. "ஒரு நாள் கூத்துக்கு எதுக்குவே இவ்வளவு யோசனை" என்றார் ஒரு மாமா. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணியை மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்களே, அதை நிறுத்தச் சொல்லுங்கள் முதலில் என்றார் இன்னொருவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆற்றின் தலைமாட்டிலேயே அந்தக் கொடுமை நடக்கிறது. ஆனால் அங்கே தொடங்கும்வரை இங்கே காத்திருப்பது என்றால், யாரும் எங்கும் தொடங்கப்போவதில்லை.

பேச்சைத் திருப்பியவன் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவுகளைக் கொண்டுவந்து கொடகநல்லூர், பழவூர்ப் பக்கம் கொட்டியது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரள அரசே லாரி கொண்டுவந்து திரும்ப அள்ளிப்போனது. "அன்னைக்கு நாம எவ்வளவு கொதிச்சோம். கொட்டுனவன் ஊரு எதுன்னு சீட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சாக. பெரியப்பா மடையில நம்ம கோயில் பேரு போட்ட சீட்டுதான் கெடந்துச்சு" என்றான். கூட்டம் அமைதியாகிவிட்டது.

கூந்தன்குளம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா ஒருவர் தன் பிறந்த பக்கத்துக் கதையைச் சொன்னார். 1994-ல் அந்தக் குளம் பறவைகள் சரணாலயமானது. ஊர் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளைத் தங்கள் வீட்டு விருந்தாளியாகப் பார்க்கிறவர்கள். தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து மண் அவர்கள் வயலுக்கு உரம். "எங்க பக்கம் யாரும் இதத் தியாகம்னு சொல்லமாட்டாக. அது ஊர் வழக்கம், அவ்வளவுதான்" என்றார். ஒரு நல்ல காரியம் வழக்கமாகிவிட்டால் அதைக் காப்பாற்றத் தனியாக ஒருவர் கத்திக்கொண்டிருக்க வேண்டாம் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

சரி, தம்ளர் என்று முடிவானது. "பொம்பளைங்க பத்துப் பேரு சேந்தா கழுவிப்புடலாம்" என்று குழுத் தலைவர் சொல்லி முடிக்கவில்லை, மதினி ஒருவர் எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, தம்ளர்ல காப்பி குடுக்கது நல்லதுதான். பரிவட்டமும் மாலையும் ஒங்களுக்கு, எச்சித் தம்ளர் எங்களுக்கா? நாங்க சாமி கும்பிட வேண்டாமா?"

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்கிற பல காரியங்கள் வீட்டுப் பெண்களின் முதுகில்தான் போய் ஏறுகின்றன. துணிப்பை துவைப்பது, குப்பை பிரிப்பது, பாத்திரம் கழுவுவது, எல்லாமே. மதினி அன்று அதைக் கேட்காமல் இருந்திருந்தால் எங்கள் திட்டம் ஒரே வருஷத்தில் செத்திருக்கும், சாகவும் வேண்டியதுதான்.

அவர் கேள்வியிலேயே வழியும் இருந்தது. கொடையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் உண்டு. தீவட்டி பிடிக்க ஒருவர், குடை பிடிக்க ஒருவர், கும்பத்துக்குப் பூ கட்ட ஒரு வீடு. யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த வேலை தப்பினால் அந்த வீட்டுக்குக் குறைச்சல். அந்த வரிசையில் 'தம்ளர்', 'குப்பை' என்று இரண்டு வேலைகளைச் சேர்த்தோம். இளவட்டங்கள் 12 பேர், நாலு நாலு பேராக மூன்று முறை மாறிமாறி. சாமக் கொடை முடிந்து மரியாதை கொடுக்கும்போது தீவட்டிக்காரருக்குப் பின்னால் அவர்களுக்கும் திருநீறும் மாலையும். தூய்மைக் காவலர்கள் இருவருக்கும் கோயில் வேலை கிடையாது. அவர்கள் வழக்கமான தெருவேலை முடித்துவிட்டு விருந்தாளியாக வரவேண்டியது. கோயில் குப்பை கோயில் பொறுப்பு.

மூன்று நாளும் நடந்தது

தம்ளருக்கு 140 போதாது. பாத்திர வாடகைக் கடையில் 300 எடுத்தோம். புதிதாக வாங்க ஒருவர் நன்கொடை தர முன்வந்தார், வேண்டாம் என்றோம். எவர்சில்வர் தம்ளர் செய்ய எங்கோ ஒரு சுரங்கம், ஓர் உலை வேலை செய்கிறது. பல தடவை பயன்பட்டால்தான் அந்தச் செலவு தீரும். பெட்டியில் கிடந்தவை நாற்பது வருஷத்துப் பழையவை, அவை கடனைத் தீர்த்துவிட்டவை. வாடகைத் தம்ளரும் ஓய்வில்லாமல் உழைக்கிறது. வருஷத்துக்கு மூன்று நாள் வெளியே வரப்போகிற புதுத் தம்ளரின் கணக்கு வேறு.

கழுவத் தண்ணீர் ஆகாதா என்று கேட்டார்கள். ஆகும். மூன்று அண்டா வைத்தோம்: முதலில் வெறும் அலசல், அடுத்து சோப்புத் தண்ணீர், கடைசியில் கொதிநீர். தம்ளரை ஓடும் குழாயில் பிடிக்கவில்லை. நூறு தம்ளருக்கு ஏழெட்டுக் குடம் ஆனது. முதல் அண்டாத் தண்ணீர் கோயில் பின்புற வாழைக்குப் போனது.

செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திட்டம் ஒருமுறை கவிழ்ந்தது. மேளக்காரர்களுக்கும் பந்திக்கும் ஒரே நேரத்தில் காப்பி போக, தம்ளர் போதவில்லை. கழுவவேண்டிய நாலு பேரும் வில்லுப்பாட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டீ போட்டவர் பொறுமையிழந்து கடையிலிருந்து 400 பேப்பர் கப்பு வாங்கிவந்து ஊற்றிவிட்டார். அவரைக் கோபித்துப் பயனில்லை. கூட்டம் எந்த நேரத்தில் குவியும் என்று முன்கூட்டி யோசிக்காதது எங்கள் தவறு. அடுத்த முறைக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் இரட்டை ஆள் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

தண்ணீருக்குக் காருகுறிச்சியிலிருந்து குழாய் வைத்த மண்பானை பத்து வாங்கினோம். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது பாக்கெட் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்தப் பானைத் தண்ணீரைக் குடித்தவர்கள் மறுபடி மறுபடி வந்தார்கள். ஆனாலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் குழந்தைகளுக்கு என்று பாட்டில் தண்ணீர்தான் வாங்கினார்கள். இரண்டு மூட்டை பாட்டில் சேர்ந்தது. தனியாகச் சேர்த்ததால் பழைய இரும்புக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு எப்போதும் வாழை இலைதான். அதில் மாற்ற ஒன்றுமில்லை. மேசை விரிப்பை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் துடைத்தோம். சுண்டலுக்குக் குளத்தங்கரைப் பனையோலையில் ஒரு பாட்டி முடைந்துதந்த கொட்டான் அருமையாக இருந்தது. பொங்கலை அதில் வைத்தபோது நெய் ஒழுகி எல்லார் வேட்டியிலும் பட்டது. உடனே பூவரசு இலைக்கு மாறினோம். கொழுக்கட்டைக்கு எடுக்கிற இலை பொங்கலுக்கு ஆகாதா என்று சொன்னது ஒரு பத்து வயதுப் பெண்.

மிஞ்சிய சோறு எனக்கு எப்போதும் மனதைக் குத்துகிற விஷயம். முந்தைய ஆண்டு மூன்று அண்டாச் சோறு குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. சமையல் பார்க்கும் தவசுப்பிள்ளையைக் கேட்டால், "நீங்க ஆயிரத்து ஐந்நூறு பேருன்னு சொன்னீக, நான் வடிச்சேன்" என்றார். சோறு பற்றாமல் போனால் ஊருக்கு அவமானம் என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதில் எண்ணிக்கை ஏறிவிட்டது. இம்முறை குடி அழைப்பு அன்றிரவு தெருவாரியாக வீட்டுக்கு வீடு எத்தனை பேர் என்று எழுதிவாங்கினோம். சோறு இரண்டு தவணையாக வடித்தார்; இரண்டாம் தவணை, முதல் இரண்டு பந்தியைப் பார்த்தபின். கால் அண்டாதான் மிஞ்சியது, இரவுக்குள் அதுவும் தீர்ந்தது. வடிகஞ்சி மாட்டுக்கு, சிரட்டை அடுப்புக்கு.

ஃப்ளெக்ஸில் பாதி வெற்றிதான். குழு வைக்கவில்லை, துணியில் எழுதி மாட்டினோம், அதை மடித்து வைத்திருக்கிறோம். இளைஞர்களும் உறவின்முறைகளும் வைத்தவை 22-லிருந்து 9-ஆகக் குறைந்தன. பையன்களுக்குத் தங்கள் பெயரும் முகமும் ஊரில் தெரியவேண்டும் என்று ஆசை. அது இயல்பான ஆசை, அதை அதட்டி நிறுத்த முடியாது. கோயில் வெளிமதிலில் வெள்ளையடித்து, உபயதாரர் பெயர்களைப் பெயின்டில் எழுதித் தருகிறோம், அடுத்த கொடை வரை இருக்கும் என்றோம். மூன்று நாளில் கிழிகிற படத்தைவிட ஒரு வருஷம் நிற்கிற எழுத்து மேல் என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். முகம் வேண்டும் என்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜெனரேட்டர், ஒலிபெருக்கி இரண்டிலும் ஒன்றும் செய்யவில்லை. வளையல் கடை, பொம்மைக் கடைகளிடமும் பேசவில்லை. அவர்கள் பிழைப்பு மூன்று நாள் வியாபாரத்தில் இருக்கிறது, மாற்று ஒன்றைக் கையில் கொடுக்காமல் தடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

உரக்குழி

எச்சில் இலையைப் போடக் கோயில் நிலத்தில் பத்தடிக்கு ஐந்தடி குழி வெட்டியிருந்தோம். புதன் இரவே நாற்றம் எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சித்தி வந்து, "முன்னாடி கப்பு பறந்துச்சு, இப்ப ஈ பறக்குது" என்றார். அவர் கோபம் நியாயமானது.

காரணம் எளிது. சாம்பாரும் ரசமும் ஊறிய பச்சை இலை மட்டும் அடர்த்தியாக விழுந்ததால் குழிக்குள் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் மக்குவதற்குப் பதிலாக அழுகும். அப்போது மீத்தேனும் கிளம்பும். ஈரமான பொருளுக்குக் காய்ந்த பொருள் துணை வேண்டும். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் வெளியே இழுத்து, ஒரு அடுக்கு இலை, இரு பங்கு வைக்கோலும் கூளமும், மேலே சாணிக்கரைசல் என்று திரும்ப அடுக்கினோம். இரண்டு நாளில் நாற்றம் நின்றது. பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டோம். ஆடி பிறந்தபோது கறுத்து உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருந்தது. முதல் கூடை சித்தி வீட்டு முருங்கைக்குப் போனது.

செலவும் வரவும்

பேப்பர் கப்புக்கு முந்தைய ஆண்டு 4,200 ரூபாய் ஆயிற்று. இந்த ஆண்டு தம்ளர் வாடகை 1,800. தொலைந்த 23 வாடகைத் தம்ளருக்கு 690. சோப்பு, விறகு 650. அவசரத்துக்கு வாங்கிய கப்பு 320. மொத்தம் 3,460. மிச்சம்தான், ஆனால் இதை வைத்துக்கொண்டு "இது மலிவு" என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். 12 பேர் மூன்று நாள் கூலியில்லாமல் உழைத்ததால் வந்த மிச்சம் அது. கூலி போட்டால் கப்பைவிட மூன்று நான்கு மடங்கு ஆகும். கப்பு மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அதைப் பொறுக்குகிறவர் முதுகுவலியும் அடைபட்ட மடையும் கடைக்காரர் ரசீதில் வராததுதான்.

குப்பை எவ்வளவு குறைந்தது என்று எடையில் சொல்ல முடியாது, முந்தைய ஆண்டு எடை போடவில்லை. இந்த ஆண்டு, உரக்குழிக்கும் பழைய கடைக்கும் போனது தவிர, எதற்கும் உதவாமல் மிஞ்சியது 61 கிலோ. பாதி பொம்மைக் கடைப் பைகளும் மிட்டாய் உறைகளும். அதை எரிக்காமல் ஊராட்சி வண்டியில் ஏற்றினோம்.

சாமக் கொடை முடிந்து, விடிகிற நேரம், மரியாதை கொடுத்தார்கள். தீவட்டிக்காரருக்குப் பின்னால் அந்தப் 12 பேரும் நின்றார்கள். கைவிரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. தூய்மைக் காவலர்கள் இருவரும் பட்டுச்சேலை கட்டி, முன்வரிசையில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பின்பு என்னிடம், இந்த ஊரில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன், கொடையை நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

மறுபடி வைகாசி

தண்ணீர் வருகிறது என்று தெரிந்த அன்று காலையிலேயே பெரியப்பாவும் நானும் அந்தக் குழாய்க்குப் போய்விட்டோம். நுரை தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வந்தது. சருகு, முள், ஒரு செருப்பு, அப்புறம் கப்புகள். முப்பது நாற்பது இருக்கும். பெரியப்பா முகம் வாடிவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். சிலது எங்கள் 400-ல் தப்பியவை. மற்றவற்றில் மேலே உள்ள ஊர் ஒன்றின் டீக்கடைப் பெயர் அச்சாகியிருந்தது. அரிப்பெட்டியால் அள்ளிக் கரையில் போட்டோம். கடைசி மடைக்குத் தண்ணீர் அன்று மதியமே ஏறியது.

அந்த மேல ஊரில் ஆவணியில் கொடை. பெரியப்பாவின் சம்பந்தி வீடு அங்கேதான். தாம்பூலத் தட்டோடு போய், எங்கள் இரும்புப் பெட்டியின் 140 தம்ளரையும் கொடைக்குக் கடனாகத் தருகிறோம், முதல் நாள் கழுவ எங்கள் பையன்களில் நாலு பேர் வருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியை அந்த மதினியிடம் கொடுத்திருக்கிறோம்.